சோதனைக்குக் கூலி இல்லாத தறியில் புதுமை பிறக்குமா?

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 7-ஆம் நாள் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1905-இல் கொல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கிய நாளின் நினைவாக 2015-இல் மத்திய அரசு இதனை அறிவித்தது. முதல் விழாவும் சென்னையில்தான் நடைபெற்றது. அன்றிலிருந்து ஆண்டுதோறும் மேடைகளில் தவறாமல் ஒலிக்கும் அறிவுரை ஒன்றுண்டு: நெசவாளர்கள் காலத்துக்கேற்பப் புதுமை செய்ய வேண்டும், புதிய வண்ணங்கள், புதிய வடிவங்கள், புதிய சந்தைகளை நாட வேண்டும்.

அறிவுரையில் தவறில்லை. ஆனால் அதனைக் கேட்கும்போதெல்லாம், பொருளியலைப் பல்லாண்டுகள் வகுப்பறையில் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. ஒரு புதிய வடிவத்தைத் தறியில் ஏற்றிப் பார்க்கும் நாள்களுக்கான கூலியை யார் தருவது? இந்தக் கேள்விக்கு விடை காணாமல் புதுமையைப் பற்றிப் பேசுவது, விதைநெல் தராமல் விளைச்சலைக் கேட்பதற்கு ஒப்பாகும்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலையடிவாரத்தில் அமைந்த படவேடு, ஒருகாலத்தில் படைவீடு என்ற பெயரில் சம்புவராயர்களின் தலைநகராக விளங்கியது. இன்று ரேணுகாம்பாள் கோயிலுக்காக வெளியூர் மக்கள் அறிந்திருக்கும் இவ்வூரிலிருந்து ஆரணி வரையிலான வட்டாரம் பட்டு நெசவின் நிலம். ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு, தேவிகாபுரம் என்று ஊர்ப்பெயர்களே பட்டுச் சேலையை நினைவூட்டும். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. காஞ்சிபுரத்தின் புகழ் நிழலில் நின்றாலும், தனக்கென ஒரு சந்தையை உருவாக்கிக்கொண்ட தொழில் இது.

இங்கே தொழிற்சாலை கிடையாது; வருகைப் பதிவேடும் சங்கொலியும் கிடையாது. ஆகவே 'பணியிடக் குழு' என்ற சொல்லை இத்தறிகளோடு சேர்த்து எவரும் பேசுவதில்லை. உண்மையில், ஒரு பட்டுச் சேலையைத் தனியொருவர் உருவாக்குவதே இல்லை. பட்டை முறுக்கேற்றுபவர், சாயம் தோய்ப்பவர், பாவு ஓட்டுபவர், பழைய பாவின் நுனியோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பவர், ஜக்கார்டுக்கு அட்டை அடிப்பவர், தார் சுற்றுபவர், தறியில் அமர்ந்து நெய்பவர், இவர்கள் அனைவருக்கும் மூலப்பொருளும் வடிவமும் கொடுத்துச் சேலையைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் பட்டு முதலாளி அல்லது கூட்டுறவுச் சங்கம் என்று பெரியதொரு குழு ஒவ்வொரு சேலைக்குப் பின்னாலும் நிற்கிறது. இந்தக் குழுவினர் ஒரே கூரையின் கீழ் இல்லை; பல நேரங்களில் ஒருவரையொருவர் பார்ப்பதுகூட இல்லை. இதுதான் இத்தொழிலின் வலிமை. இதுவே அதன் சிக்கலும்கூட.

குழுவின் இயல்புக்கும் புதுமைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி உலகெங்கும் ஏராளமான ஆய்வுகள் வந்துள்ளன. முப்பதாண்டுக் காலத்தில் வெளியான 104 ஆய்வுகளைத் தொகுத்து, ஹுல்ஷேகர், ஆண்டர்சன், சல்காடோ ஆகிய மூவரும் 2009-இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டனர். குழுவில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் எத்தகைய பின்னணி கொண்டவர்கள் என்பவற்றைவிட, குழுவுக்குள் நிலவும் சூழலே புதுமையை வலுவாகத் தீர்மானிக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. புதிய முயற்சிக்குக் கிடைக்கும் ஆதரவு, அனைவரும் ஏற்றுக்கொண்ட பொது நோக்கம், வேலையின் தரத்தைப் பற்றிய அக்கறை, குழுவுக்கு வெளியே உள்ளவர்களுடன் உரையாடல் ஆகிய நான்கும் அவற்றில் முதன்மையானவை.

இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க அறிஞர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு வியப்பான செய்தியைப் பதிவு செய்தார். நன்றாக வழிநடத்தப்பட்ட செவிலியர் குழுக்களில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அக்குழுக்கள் அதிகமாகப் பிழை செய்தன என்பது இதற்குப் பொருளன்று. பிழையை அச்சமின்றி வெளியே சொல்ல முடிந்தது என்பதே காரணம் என்று அவர் விளக்கினார். பிழையைச் சொல்ல அஞ்சும் இடத்தில் கற்றல் நிகழாது. கற்றல் நிகழாத இடத்தில் புதுமைக்கு வேலையில்லை.

இனி இந்த அளவுகோல்களை ஆரணித் தறியில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் குழுவின் அமைப்பு. பட்டுச் சேலையின் உடலும் கரையும் இருவேறு வண்ணங்களில், தெளிவான எல்லையுடன் இணையும் கோர்வை முறைக்குத் தறியில் இருவர் தேவை. நெசவாளர் ஒரு பக்கம் நாடாவை வீச, மறுகரைக்கான நாடாவை வீச அருகில் ஒரு துணைக்கை வேண்டும். பல தலைமுறைகளாக அந்தத் துணைக்கை ஒரு குழந்தையின் கையாக இருந்தது. காஞ்சிபுரம் வட்டாரப் பட்டுத் தொழிலில் குழந்தைகள் படும் பாட்டை மனித உரிமை அமைப்புகள் உலகுக்கு எடுத்துச் சொல்லின. சட்டமும் பள்ளிக்கூடமும் சமூக விழிப்புணர்வும் சேர்ந்து அந்தக் குழந்தைகளைத் தறியிலிருந்து மீட்டன. இது நாம் பெருமைப்பட வேண்டிய மாற்றம்.

ஆனால் குழந்தை எழுந்து சென்ற இடத்தில் கூலிக்கு ஒரு பெரியவரை அமர்த்த, சேலையின் கூலி இடம் கொடுக்கவில்லை. இருவர் செய்த வேலையை ஒருவரே செய்யும் நிலை வந்ததும், நெசவாளர்கள் தனியொருவர் நெய்யக்கூடிய வடிவங்களை நாடினர். கோர்வை குறைந்து வருவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். சந்தையின் சுவை மாறிவிட்டது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தறியில் அமர்வோரின் எண்ணிக்கை மாறியதே சேலையின் உருவத்தை மாற்றியது என்பதைக் கவனிப்பதில்லை. குழுவின் அமைப்பு மாறும்போது பொருளும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிரான்சின் லியோன் நகரத்திலும் இதுதான் நிகழ்ந்தது. அங்கே பூ வேலைப்பாட்டுக்கான இழைகளை இழுத்துப் பிடிக்க நெசவாளருக்குத் துணையாக ஒருவர் தேவைப்பட்டார். பெரும்பாலும் சிறுவர்களே அவ்வேலையைச் செய்தனர். நெசவுத் தொழில் செய்த ஒருவரின் மகனான ஜோசப் மரி ஜக்கார்டு, தமக்கு முன்னோர் செய்த முயற்சிகளை ஒருங்கிணைத்து, துளையிட்ட அட்டைகளால் இயங்கும் கருவியை 1804-இல் உருவாக்கினார். அந்தத் துணைக்கையின் வேலையை அட்டை ஏற்றுக்கொண்டது. இன்று ஆரணித் தறிகளின் மேலே தொங்கும் ஜக்கார்டு அதன் வழித்தோன்றலே. தறியின் வலியை அறிந்த வீட்டிலிருந்து அந்தக் கருவி வந்தது என்பது கவனிக்கத்தக்கது. அதே லியோனில் 1831-இல் பட்டு நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தபோது அவர்கள் கேட்டது, சேலைக்கு இவ்வளவு என்று நாம் சொல்வதைப்போல, துணிக்கு இவ்வளவு என்ற குறைந்தபட்சக் கூலியைத்தான். கருவி வந்த பிறகும் கூலிக் கணக்கு தீரவில்லை.

அந்தக் கூலிக் கணக்குதான் ஆரணியிலும் சிக்கலின் மையம். இங்கே நெசவாளருக்குச் சேலைக் கணக்கில் கூலி. எடுத்துக்காட்டாக, பழகிய வடிவத்தில் பத்து நாளில் ஒரு சேலை நெய்பவரை எடுத்துக்கொள்வோம். புதிய வடிவத்துக்காகத் தறியை மாற்றியமைக்க ஐந்து நாள் ஆகிறது; கை பழகாததால் முதல் சேலைக்குப் பதினைந்து நாள் ஆகிறது. இருபது நாளுக்கு அவர் பெறுவது ஒரு சேலையின் கூலி. அதாவது, அவருடைய நாள்கூலி சரிபாதியாகக் குறைகிறது. இதற்கிடையே ஏதேனும் குறை நேர்ந்தால் கூலியில் பிடித்தம் வேறு. அந்த வடிவம் சந்தையில் வெற்றி பெற்றால் வரும் ஆதாயமோ பெரும்பாலும் அவரைச் சேர்வதில்லை. இந்நிலையில் "புதிய டிசைன் வேண்டாம், பழையதே கொடுங்கள்" என்று ஒரு நெசவாளர் சொன்னால், அது சோம்பலும் அன்று, பழைமைப் பற்றும் அன்று. பிழையில்லாத பொருளாதாரக் கணக்கு.

இது வெறும் ஊகமன்று. உலகின் கையால் தைக்கும் கால்பந்துகளில் பெரும்பகுதியை உற்பத்தி செய்யும் பாகிஸ்தானின் சியால்கோட் நகரில் பொருளியல் அறிஞர்கள் குழு ஒன்று நடத்திய களச்சோதனை 2017-இல் வெளியானது. பந்துக்கான செயற்கைத் தோலை வெட்டும்போது வீணாகும் பகுதியைக் குறைக்கும் புதிய வெட்டுவார்ப்பு ஒன்றை அவர்கள் வடிவமைத்து, 35 நிறுவனங்களுக்கு விலையின்றிக் கொடுத்தனர். ஓராண்டுக்கு மேலாகியும் வெகுசில நிறுவனங்களே அதனைப் பயன்படுத்தின. காரணத்தைத் தேடியபோது விடை கூலி முறையில் கிடைத்தது. வெட்டும் தொழிலாளர்களுக்கு எண்ணிக்கைக் கணக்கில் கூலி. புதிய கருவி தொடக்கத்தில் வேலையை மெதுவாக்கியது. மிச்சமாகும் தோலின் பயன் முதலாளிக்கு. குறையும் கூலியின் சுமை தொழிலாளிக்கு. எனவே 'இந்தக் கருவி சரிப்படாது' என்ற செய்தியே முதலாளியின் காதுக்குச் சென்றது.

பின்னர் அந்த ஆய்வாளர்கள் வேறொன்று செய்தனர். புதிய கருவியைப் பயன்படுத்தும் திறனை முதலாளியின் முன்னிலையில் செய்துகாட்டும் தொழிலாளிக்கு ஏறத்தாழ ஒரு மாத வருமானத்துக்கு நிகரான தொகையை ஒரே ஒருமுறை வழங்குவதாக அறிவித்தனர். அந்தச் சிறுதொகை, புதிய கருவியைப் பயன்படுத்தும் நிறுவனங்களின் எண்ணிக்கையைக் குறிப்பிடத்தக்க அளவில் உயர்த்தியது. புதுமைக்குத் தடையாக இருந்தது அறிவோ மூலதனமோ அல்ல. குழுவுக்குள் இழப்பும் ஆதாயமும் பங்கிடப்பட்ட முறையே.

குஸ்தாவோ மான்சோ என்ற பொருளியல் அறிஞர் 2011-இல் இதே கருத்தைக் கோட்பாடாக வகுத்தார். புதுமையைத் தூண்டும் ஒப்பந்தம் தொடக்கத் தோல்வியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்; நீண்டகால வெற்றிக்குப் பரிசளிக்க வேண்டும் என்பது அவர் முடிவு. நமது சேலைக்கூலி இதற்கு நேர்மாறானது. அது தொடக்கத் தோல்விக்குத் தண்டனை கொடுக்கிறது. நீண்டகால வெற்றியில் பங்கு கொடுப்பதில்லை.

பட்டு முதலாளிகளின் தரப்பிலும் நியாயம் உண்டு என்பதை மறுக்க முடியாது. பட்டு நூலும் ஜரிகையும் விலை ஏறி இறங்கும் பொருள்கள். புதிய வடிவத்தில் பத்துச் சேலை தேங்கினால் அதில் முடங்குவது அவர்களுடைய பணம். அதைவிடப் பெரிய அச்சம், நகலெடுப்பு. ஆரணியில் பிறக்கும் ஒரு நல்ல வடிவம் சந்தையில் பேசப்படும் முன்னரே விசைத்தறியில் மலிவான நகலாக வந்துவிடும் என்றால், எவர்தான் சோதனைக்குப் பணம் போடுவார்? 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே உரியவையாக ஆக்கியுள்ளது; ஆனால் சட்டத்தின் வலிமை அதன் கண்காணிப்பைப் பொறுத்தது. புவிசார் குறியீடு 'ஆரணிப் பட்டு' என்ற பெயரைக் காக்குமே தவிர, ஒரு தனி வடிவத்தைக் காக்காது. வடிவத்தைக் காக்க 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்தால் பத்தாண்டுகள், மேலும் ஐந்தாண்டுகள் பாதுகாப்பு உண்டு. தனியொரு நெசவாளரோ சிறு முதலாளியோ அந்த வாயிலை அணுகுவது எளிதன்று. அந்தப் பதிவைத் தன் உறுப்பினர்களுக்காகக் கூட்டுறவுச் சங்கம் செய்யலாம்.

வெளியுலகோடு உரையாடல் என்ற அளவுகோலுக்கு நம்மிடமே நல்ல முன்மாதிரி உண்டு. புபுல் ஜெயகரின் முன்முயற்சியில் 1950-களில் தொடங்கப்பட்ட நெசவாளர் சேவை மையங்கள், ஓவியரையும் நெசவாளரையும் சாயத் தொழிலாளரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டு வந்தன. தமிழ் இதழ்களின் வாசகர்கள் நன்கறிந்த ஓவியர் ஆதிமூலம் அத்தகைய மையத்தில் பணியாற்றியவர். ஓவியர் தாளில் வரைந்ததை நெசவாளர் இழைகளின் கணக்கில் சரிபார்ப்பார். சாயக்காரர் அந்த நிறம் பட்டில் நிற்குமா என்று சொல்வார். தவறிய மாதிரிக்கு எவருடைய கூலியும் குறையவில்லை. ஏனெனில் அனைவரும் மாதச் சம்பளக்காரர்கள். அதுதான் அந்த மையங்களின் கண்ணுக்குத் தெரியாத வலிமை. இன்று மையங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கும் கிராமத்துத் தறிக்கும் இடையிலான தொலைவு குறைய வேண்டியிருக்கிறது.

குஜராத்தின் கச்சுப் பகுதியில் 2005-இல் தொடங்கப்பட்ட கலா ரக்ஷா வித்யாலயா இன்னோர் அடி முன்னே சென்றது. வடிவமைப்பாளரை நெசவாளரிடம் அனுப்புவதற்கு மாறாக, கைவினைஞர்களுக்கே வடிவமைப்புக் கல்வியை அவர்களுடைய மொழியில் அது கற்பித்தது. வடிவத்தைச் சிந்திப்பவர் ஒருவர், அதனை நெய்பவர் மற்றொருவர் என்ற பிரிவினை இயற்கையானது அல்ல என்பதை அந்த முயற்சி காட்டியது.

குழுவைப் பற்றிப் பேசும்போது பெண்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2019-20-இல் நடைபெற்ற நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் உள்ளனர். அவர்களுள் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் பெண்கள். நம் ஊர்ப் பட்டு நெசவில் தார் சுற்றுவதும், இழை அறுந்தால் முடிவதும், பக்கத்தில் அமர்ந்து நாடா வீசுவதும், பல வீடுகளில் தறியில் அமர்ந்து நெய்வதும் பெண்களே. ஆனால் கூலி பேசும் இடத்திலும் வடிவம் தெரிவு செய்யும் இடத்திலும் அவர்களைக் காண்பது அரிது. பட்டுச் சேலையைக் கட்டுபவரும் பெண். நெசவில் பெரும்பங்கு வகிப்பவரும் பெண். எது நெய்யப்பட வேண்டும் என்று முடிவெடுக்கும் பேச்சில் மட்டும் அவர் இல்லை. குழுவில் மிகுதியாக அறிந்தவர் பேசாத குழுவிலிருந்து புதுமையை எதிர்பார்ப்பது எவ்வகையில் பொருந்தும்?

விருதுகளும் இதே பார்வையில்தான் வழங்கப்படுகின்றன. சந்த் கபீர் விருது போன்ற உயரிய அங்கீகாரங்கள் தனியொரு நெசவாளரின் பெயருக்கு வருகின்றன. அவை வேண்டும். அவற்றோடு, ஒரு சேலைக்குப் பின்னால் நின்ற சாயக்காரர், அட்டை அடித்தவர், துணைக்கை ஆகியோரையும் சேர்த்துக் குழுவாகப் பாராட்டும் மரபு ஒன்றையும் நாம் தொடங்கலாம்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளர்களுக்கு இரு மாதங்களுக்கு 300 யூனிட் விலையில்லா மின்சாரம் கிடைக்கிறது. நூல் மானியம், கடனுதவி, ஓய்வூதியம், தள்ளுபடி விற்பனை என்று திட்டங்கள் பல உண்டு. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் இன்றும் சந்தைக்கு ஒரு வாயிலாக இருக்கிறது. இவை அனைத்தும் நெசவாளர் வழக்கமாக நெய்வதற்குத் துணை செய்கின்றன. புதிதாக நெய்து பார்ப்பதற்கான திட்டம்தான் இல்லை.

அதற்கு நான்கு நடவடிக்கைகளை முன்வைக்கலாம். ஒன்று, ஒவ்வொரு பட்டுக் கூட்டுறவுச் சங்கமும் தன் ஆதாயத்தில் ஒரு சிறுபகுதியை ஒதுக்கி, அரசு அதற்கு இணைத்தொகை வழங்கி, சோதனைக் கூலி நிதி ஒன்றை உருவாக்க வேண்டும். புதிய வடிவத்தை ஏற்றும் நெசவாளருக்குத் தறி மாற்றும் நாள்களுக்கும் முதல் சேலையின் கூடுதல் நாள்களுக்கும் நாள்கூலி கிடைக்க வேண்டும். அந்த முதல் சேலையின் குறைக்குப் பிடித்தம் கூடாது. இரண்டு, வெற்றி பெற்ற வடிவத்தில் விற்கும் ஒவ்வொரு சேலைக்கும் அதனை முதலில் நெய்த குழுவுக்குச் சிறு பங்குத்தொகை வேண்டும். மூன்று, சேவை மைய வடிவமைப்பாளர், சாயத் தொழிலாளி, நெசவாளர் ஆகியோர் படவேடு, ஆரணி போன்ற இடங்களிலேயே மாதம் ஒருமுறையேனும் கூடிப் பேச வேண்டும். அந்தக் கூட்டத்தில் பெண்கள் உறுப்பினர்களாக அமர வேண்டும். நான்கு, மின்னணு ஜக்கார்டு பரவும்போது அந்த வடிவக் கோப்பு எவருக்குச் சொந்தம் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். அட்டை அடிக்கும் செலவைக் குறைக்கும் அக்கருவி சோதனையை எளிதாக்கும். ஆனால் கோப்பு ஒருவர் கையில் மட்டும் இருந்தால் நெசவாளர் மேலும் ஒரு படி கீழே தள்ளப்படுவார்.

இவற்றுக்கான செலவு, தள்ளுபடி மானியங்களோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. சியால்கோட்டில் ஒரு மாதக் கூலி செய்த வேலையை ஆரணியில் சில வாரக் கூலி செய்யக்கூடும்.

காலம் அதிகமில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் இன்று செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளுக்கும், திருப்பெரும்புதூர் வட்டாரத்து ஆலைகளுக்கும் பேருந்து ஏறுகிறார்கள். அங்கே மாதச் சம்பளம் உண்டு. வருங்கால வைப்புநிதி உண்டு. புதிய வேலையைக் கற்றுக்கொள்ளும் நாள்களுக்கும் ஊதியம் உண்டு. கற்கும் நாளுக்கு ஆலை கொடுக்கும் ஊதியத்தைத் தறி கொடுக்கவில்லை என்றால், அந்தப் பிள்ளைகள் செய்யும் தெரிவை எவரும் குறை சொல்ல முடியாது. அவர்களைத் தறியிலேயே கட்டிப்போட வேண்டும் என்பது என் வாதமன்று. தறியில் அமர விரும்பும் ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ, புதியதை முயன்று பார்த்ததற்காகப் பட்டினி கிடக்கும் நிலை இருக்கக் கூடாது என்பதே.

அடுத்த ஆகஸ்ட் 7-ஆம் நாள் மேடையேறுவோர் புதுமை செய்யுங்கள் என்று நெசவாளரிடம் சொல்வதற்கு முன்பாக, அதற்கான நாள்கூலியை அறிவித்துவிட்டுச் சொல்லட்டும். மற்றதைத் தறி பார்த்துக்கொள்ளும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).